உள்ளே ஒன்றுமில்லாத உறை

மாமா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய கைகள்தான். என் அக்காவின் கணவர் அவர். சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். கொதிக்கும் அண்டாவில் நூலைப் புரட்டிப் புரட்டி முழங்கை வரை ஏதாவது ஒரு நிறம் ஏறியிருக்கும். முகூர்த்த மாதங்களில் மஞ்சள். அதனால்தான் அந்த ஆடியில் வேலை ஓய்ந்த பிறகும் மஞ்சள் போகாததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. கண் மஞ்சளானதற்குக்கூடச் சாய ஆவியின் மேல் பழி போட்டார்கள். "நம்ம வூட்டு மஞ்சள்தாண்டி, தானா போயிடும்" என்றாள் அக்கா. வயிறு வீங்கிய பிறகுதான் சென்னைக்கு அழைத்து வந்தார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நான் அப்போது அங்கே ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். காமாலைக் கிருமியைப் பற்றிப் புதிது புதிதாகத் தெரியவந்த வருஷங்கள் அவை. ஈரலுக்குள் கிருமியின் ஒரு புரதம் அதன் உட்கூட்டைக் கட்டுகிறது, இன்னொரு புரதம் மேலுறையாகிறது, இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால்தான் முழுக் கிருமி. ஆனால் மேலுறைப் புரதம் அளவில்லாமல் உண்டாகி, வெறும் உறைகளாகவே ரத்தத்தில் கொட்டுகிறது. மாமாவின் ரத்தத்திலும் அந்த உறைப் புரதம் நிறைய இருந்தது. சொன்னதும் அவர் சிரித்தார். "பொடவ வெக்காம பொட்டிய மட்டும் அனுப்பிக்கினு இருக்குதா? பலே ஏமாத்துக்காரன்பா!"

அக்கா சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எது எதோட சேருதுன்னு இவ்ளோ தெரியுதே, அதுங்க சேராம பண்ண ஒரு வழி இல்லியாடி?"

இல்லை. அன்று உலகத்தில் யாரிடமும் இல்லை. நான் படித்த படிப்பெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். குளுகோஸ் ஏற்றினார்கள், அக்கா ஊரிலிருந்து கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தாள். இரண்டையும் நான் தடுக்கவில்லை. ஐப்பசி மழையில் அவரைக் காஞ்சிபுரத்துக்கே கொண்டு போனோம், உயிரில்லாமல். எனக்கு வந்த ஆத்திரத்தைக் காட்டக்கூட ஓர் ஆள் இல்லை.

போன மாதம் அக்காவுக்குப் பேத்தி பிறந்தாள். பிறந்த அன்றே தொடையில் ஊசி போட்டார்கள். என்ன மருந்து என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

"காமாலை வராம இருக்கக்கா. அந்தக் கிருமியோட வெறும் உறைதான். உள்ள ஒண்ணும் கெடையாது. ஒடம்பு அதப் பாத்து நெஜக் கிருமிய அடிக்கப் பழகிக்கும்."

அக்கா என்னையே பார்த்தாள். "அவரு ரத்தம் பூரா இருந்துச்சுன்னு சொன்னியே, அதுவா?"

"அதேதான்."

"அப்போ மருந்து அவருகிட்டயே இருந்திருக்குது."

அப்படியில்லை, நோய் வந்தவருக்கு இது உதவாது என்று சொல்லியிருக்கலாம். குழந்தையை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.