மூன்றாம் கட்டத்தில் மீன் வாசம்

கெசாயா டட்டில் பதினொரு வருடமாக லண்டனில் ஒரு மாதப் பத்திரிகைக்குத் துணி ஒட்டிவந்தாள். இதழுக்கு ஒரு பக்கம், பக்கத்தில் நான்கு கட்டம், கட்டத்துக்கு ஒரு நிஜத் துணித் துண்டு. எந்தத் துணி எதற்கு என்று எதிர்ப்பக்கத்தில் அச்சாகியிருக்கும். சீமாட்டிகள் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தையலுக்குச் சொல்லுவார்கள்.

ஒட்டுகிற ஆறு பெண்களுக்கும் அவள்தான் தலைவி. துண்டு ஒரு நூல் கோணினாலும் பிய்த்தெறிவாள். புருஷன், பிள்ளை கிடையாது. அந்த மேசைதான் அவளுக்கு எல்லாம். ஆறில் ஒருத்தியான எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சல்.

"பசையைத் துணிக்குத் தடவுடி ஹெஸ்டர், மூக்குக்கு எதுக்கு?" என்பாள்.

அவள் காய்ச்சலில் படுத்த வாரத்தின் முதல் நாளே, என் மதியச் சாப்பாடான ஹெர்ரிங் கருவாட்டை வைக்க இடம் வேண்டித் துணித் தட்டுகளை நகர்த்தினேன். திரும்ப வைக்கும்போது மூன்றும் நான்கும் இடம் மாறிவிட்டன. மூன்று, விருந்து கவுனுக்கான பட்டு. நான்கு, ஜன்னல் திரைக்கான பூப்போட்ட சீட்டித் துணி. துண்டில் ஓர் இலைதான் தெரியும். முழுத் துணியில் பூ ஒவ்வொன்றும் முட்டைக்கோஸ் பருமன். கவுன் கட்டத்தில் திரைத் துணியோடு இரண்டாயிரம் பிரதிகள் அப்படியே போய்ச் சேர்ந்தன.

அடுத்த மாதம் முதலாளி பக்கத்தை ஆட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். "யாரு பண்ணின வேலை இது?"

நான் குனிந்து பசையைக் கிண்டினேன். கெசாயா பக்கத்தை வாங்கினாள், முகர்ந்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நான்தான் ஐயா. காய்ச்சலோட வீட்டுக்குக் கிளம்பறப்போ தட்டை மாத்தி வெச்சுட்டேன்."

"அப்போ நாளையிலேர்ந்து வரவேண்டாம்."

அவள் ஏப்ரனை அவிழ்த்து, நூல் பிசகாமல் மடித்தாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை, பாவி.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் மனைவி உள்ளே வந்தாள். மார்பில் இரண்டு முட்டைக்கோஸ், பின்னால் அதைவிடப் பெரியதாக ஒன்று.

"உங்க பத்திரிகையைப் பாத்துத்தாங்க தைச்சேன்! நேத்து விருந்துல எல்லார் கண்ணும் என் மேலதான்!"

இருந்திருக்கும், சந்தேகமில்லை.

"இந்தத் துணியைப் பொறுக்கின மகராசி யாரு?"

முதலாளி மனைவியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"இதோ, கெசாயாதான். ஏம்மா ஏப்ரனை அவுத்தே? போட்டுக்கிட்டு வேலையைப் பாரு."

அவர்கள் இறங்கியதும் கெசாயா அந்தப் பக்கத்தை என் மூக்கடியில் நீட்டினாள்.

"மோந்து பாரு."

கருவாடு குப்பென்று அடித்தது.

"தெரிஞ்சுமா பழியை ஏத்துக்கிட்டீங்க அக்கா?"

"உன் வீட்டுல நாலு வாய் இருக்குடி. எனக்கு இந்த ஒரு மூக்குதான். நாளையிலேர்ந்து படிக்கட்டுல உக்காந்து சாப்பிடு."

வெட்கத்தில் அழுதுவிட்டேன். பசையில் கண்ணீர் விழுகிறது என்று அதற்கும் திட்டினாள்.

இன்று அந்த மேசைக்கு நான்தான் தலைவி. இன்னமும் படிக்கட்டில்தான் சாப்பிடுகிறேன்.