முதுகில் பெட்டியோடு வந்த கழுகு

அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, அதே வளாகத்துக் குவார்ட்டர்ஸில் வீடு. மகள் நானோ கழுகு ஆராய்ச்சி என்று பைனாகுலரும் கையுமாகத் திரிந்தேன். தொழிற்சாலை வேலிப் பக்கம் நான் தலையைத் திருப்பினாலே தன் வேலை போய்விடும் என்று அவர் நடுங்குவார். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பைனாகுலரைத் துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் டிபன் டப்பாவுக்கு அடியில் வைக்க வேண்டும். ரயிலேறிக் கொரட்டூர் ஏரிக்கரைக்குப் போன பிறகுதான் வெளியே எடுக்கலாம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டீக்கடையில் உட்கார்ந்தால் வெடிகுண்டுப் பேச்சுதான். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

நான் தேடிக்கொண்டிருந்தது பெரும்புள்ளிக் கழுகை. வடக்கே எங்கோ குஞ்சு பொரித்துவிட்டுப் பனிக்காலத்தில் நம் ஏரிகளுக்கு வரும் பறவை. உலகம் முழுக்கக் குறைந்துகொண்டே வந்தது. எவ்வளவோ அலைந்தும் ஒன்றைக்கூட நான் கிட்டத்தில் பார்த்ததில்லை.

மார்கழியில் ஒரு காலை, பெரிய மழை விட்டதும், எங்கள் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூச்சல் கேட்டது. நானும் அப்பாவும் ஓடினோம். தொட்டிக்குக் கீழே சேற்றில், நனைந்த இறக்கைகளை விரித்தபடி உட்கார்ந்திருந்தது அதே கழுகு. முதுகில் வாரால் கட்டிய சின்னப் பெட்டி, அதிலிருந்து நீளமாக ஒரு கம்பி. எதிர் வரிசையில் குடியிருந்த கேட் காவலர் துப்பாக்கியைக் குறிபார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரும் கிட்ட வராதீங்க. பாம் கட்டி உட்டுக்கீறானுங்க. சுட்டுர்றேன்."

"சுட்டா வெடிக்காதா?" என்று யாரோ கேட்டார்கள். அந்தக் கேள்விதான் அவர் விரலை நிறுத்திவைத்தது.

கல்லூரி நூலகத்தில் ஒரு பத்திரிகையில் அப்படி ஒரு பெட்டியின் படத்தைப் பார்த்திருந்தேன். பறவை போகிற வழியைச் செயற்கைக்கோள் மூலம் கண்டுபிடிக்கிற கருவி. "அது பாம் இல்லண்ணே. எங்க போவுதுன்னு தெரிஞ்சிக்கக் கட்டி விடறது," என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"உனக்கு எப்டிம்மா தெரியும்? யாரு தெரிஞ்சிக்கிறதுக்கு? ஃபேக்டரில இன்னா கீதுன்னு பாக்கவா வந்துகீது?"

அப்பா என் முழங்கையைப் பிடித்தார். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அவருடைய வேலையும் வீடும் போய்விடும். பேசாவிட்டால் கழுகைச் சுட்டுவிடுவார்கள்.

"பெட்டிய அறுத்து உங்க கையில குடுத்துடறேன். கழுக மட்டும் சுடாதீங்க," என்றேன்.

காவலர் அப்பாவைப் பார்த்தார். "நீ இன்னா சொல்ற அண்ணாத்தே?"

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். கண்ணை மூடினால் கழுகு அடங்கிவிடும் என்று எப்போதோ சாப்பிடும்போது நான் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறார். அம்மா ஜன்னல் வழியாகக் கத்தரிக்கோலை நீட்டினாள்.

கிட்டே போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. படத்தில் இருந்த பெட்டி இதைவிடச் சின்னது போலத் தோன்றியது. துண்டைக் கழுகின் தலைமேல் போட்டேன். பக்கத்தில் யாரோ சேற்றில் மண்டியிட்டார்கள். அப்பாதான். பறவையின் கால்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். வாரை அறுக்கும்போது என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

காவலர் ஒரு வாளித் தண்ணீரைக் காலால் எங்கள் பக்கம் தள்ளிவிட்டுத் தூரப் போய் நின்றார். குண்டு என்றால் தண்ணீரில் போடு என்பதுதான் அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பெட்டியைப் போட்டேன். குமிழி விட்டுக்கொண்டே மூழ்கியது.

வெயில் ஏறியதும் கழுகு இறக்கையை உதறிக்கொண்டு பறந்துவிட்டது. போலீஸ் வந்து வாளியோடு பெட்டியை எடுத்துப் போனது. அதன்பிறகு தெருவில் ஜீப் சத்தம் கேட்டாலே அப்பா சாப்பாட்டில் கையை நிறுத்திவிடுவார். யாரும் வரவில்லை. ஆனாலும், "இத எங்கயும் எழுதிடாதம்மா," என்று கெஞ்சினார். அவர் ஓய்வுபெறும்வரை நான் எழுதவில்லை.

கோடைக்கு முன் கொரட்டூர் ஏரியில், பட்டுப்போன மரத்தின் உச்சியில் ஒரு பெரும்புள்ளிக் கழுகைப் பார்த்தேன். மார்பில் வார் உராய்ந்த இடம் மொட்டையாக இருந்தது. அதற்குப் பெட்டி கட்டிய ஆராய்ச்சியாளர், எந்த நாட்டில் இருந்தாரோ, சிக்னல் நின்றதும் அது ஆவடியில் செத்துவிட்டது என்று எழுதி முடித்திருப்பார். இங்கே அது மீனைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றார். "மெதுவாச் சொல்லு."