நாகபூசணி ரீச்சரின் வயிறு

1974 தையில் கரம்பொன் நாகபூசணிக்கு நயினாதீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை வேலை கிடைத்தது. இரண்டு கிழமைக்குள் அவள் சத்தி எடுக்கத் தொடங்கிவிட்டாள். காலையில் குறிகட்டுவான் துறையில் தீவுக்குப் போகும் லோஞ்சில் ஏறினால் போதும், வயிறு சுருண்டு புளித்த தண்ணீர் வாய்க்கு வரும். பக்கத்தில் இருக்கும் பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொள்வார்கள். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கலியாணமாகாதவள் என்பதால் வேறு விதமாகவும் கதைத்தார்கள்.

ஆறு மாதத்தில் தலைமயிர் கொத்தாகக் கழன்றது. மாதவிலக்கும் நின்றுபோனது. தாய் பார்வதிப்பிள்ளை பயந்துபோய் அவளை ஊர்காவற்றுறையில் ஒரு டாக்குத்தரிடம் கூட்டிப்போனாள்.

"திரும்பி வரேக்கையும் சத்தி வாறதோ?"

"இல்லை, டாக்குத்தர்."

"பின்னேரம்தானே கடல் கூடக் குழம்புறது?"

"ஓம்."

"பள்ளிக்கூட லீவிலை?"

"ஒருநாளும் வந்ததில்லை."

"அப்ப கடலிலை பிழையில்லை. மனம் சகிக்க ஏலாததை உடம்பு காட்டுது. மயிர் கொட்டுறதும் அதாலைதான். அங்கை ஆருக்குப் பயப்பிடுறீர்?"

அவள் தன் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

தலைமை ஆசிரியர் வல்லிபுரம் தினமும் காலையில் பாடக்குறிப்பைப் பார்க்கவென்று அவளைத் தன் அறைக்குக் கூப்பிடுவார். "கிட்ட வாரும், பிள்ளை" என்று சொல்லி, அவள் கையின்மேல் தன் ஈரக் கையை வைத்து அழுத்துவார். கடைவாயில் வெற்றிலை எச்சில் நுரைத்திருக்கும். பிறகு கிணற்றடியில் தோல் சிவக்கச் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பாள். எவ்வளவு தேய்த்தாலும் அந்தப் பிசுபிசுப்புப் போகாது. தன் கையே அவளுக்கு அருவருத்தது.

டாக்குத்தரிடம் போய்வந்த அன்று, வீட்டுக்குப் போனதும் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வெளியிலை சொல்லிப்போடாதை. உனக்குக் கலியாணம் பேசவேணும்" என்றாள் பார்வதிப்பிள்ளை. அதைக் கேட்கவும் அவளுக்குக் குமட்டியது.

திங்கட்கிழமை அவர் மறுபடி கையை வைத்தார். இந்தமுறை அவள் அடக்கவில்லை. பாடக்குறிப்பு, மேசை, அவருடைய வெள்ளை வேட்டி எல்லாவற்றிலும் சத்தி தெறித்தது.

"என்ன ஊத்தை வேலை இது!" என்று அவர் கத்த, மற்ற ஆசிரியர்கள் ஓடிவந்தார்கள்.

"ஆறு மாதமா உங்கடை கைதான் சேர் எனக்கு வந்த வருத்தம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள் நாகபூசணி.

ஆசிரியர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். ஞானசவுந்தரி ரீச்சர் மட்டும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "போன வருசம் நான் விழுங்கிப்போட்டு இருந்தனான்" என்றாள், தலை நிமிராமல்.

இருவரும் சேர்ந்து மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார்கள். விசாரணைக்கு ஒருவரும் வரவில்லை. இருவருக்கும் இடமாற்றம்தான் வந்தது. நாகபூசணி அல்லைப்பிட்டிக்குப் போனாள். சோறு வயிற்றில் தங்கியது. மூன்று மாதத்தில் மாதவிலக்கு வந்தது, நெற்றியோரம் குட்டிமயிர் முளைத்தது.

வல்லிபுரம் ஓய்வுபெற்றபோது, பாராட்டு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி அவளுக்கும் கடிதம் அனுப்பியிருந்தார்கள். அதைக் குசினி அடுப்பில் வைத்துவிட்டு உலையை ஏற்றினாள்.