கடைசிப் பத்து நிமிடம்

"அண்ணே, அந்த வருஷம் இறுதி ஆட்டத்துல கடைசிக் கோல் போட்டது யாரு?"

விளையாட்டு டீச்சர் ஒருநாள் பள்ளி வேன் டிரைவரிடம் இப்படிக் கேட்டார். பள்ளிக் கால்பந்து அணிகளின் வரலாற்றைப் புத்தகமாகக் கொண்டுவர ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பழைய பதிவேடுகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. இருபத்தாறு வருடமாக ஒரு வெளியூர் ஆட்டம் விடாமல் அணியை ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவர் டிரைவர்தான். அப்பாக்களுக்கும் அவர் அண்ணன், அவர்கள் பிள்ளைகளுக்கும் அண்ணன். அவரைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

"மழை பெய்ஞ்சு கோல் கம்பத்துக்கிட்ட குளம் மாதிரி தேங்கிச்சே, அந்த ஆட்டமா? முதல் கோல் நம்ம நெட்டையன் போட்டான், தலையால. ரெண்டாவது அவங்க போட்டாங்க. அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்புறம் நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணப் போயிட்டேன் டீச்சர்."

எல்லாம் அந்தப் பழைய வேன் செய்த வேலை. பிள்ளைகள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு தடவை கூப்பிட்டால் கிளம்பாது. கெஞ்ச வேண்டும், திட்ட வேண்டும், சில நாள் தள்ளவும் வேண்டும். என்ஜின் ஆறிவிட்டால் மறுபடி உயிர் வரப் பத்து நிமிடமாகும். இருட்டுவதற்குள் வீடு சேர்ப்பதாகப் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருந்ததால், கடைசி விசில் கேட்கும்போது வேன் உறுமிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது டிரைவர் எழுந்துவிடுவார். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, பானெட்டுக்குள் தலையை விட்டபடியே இருபத்தாறு வருட ஆட்டங்களையும் முடித்துவைத்தார்.

முடிவை அவர் யாரிடமும் கேட்டதில்லை. ஜெயித்தால் புழுதியும் வியர்வையுமாக ஓடிவந்து வேனின் வயிற்றில் படபடவென்று தட்டுவார்கள். தோற்றால் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, முகம் கழுவி, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒவ்வொருவராக வருவார்கள். தோற்றவர்களுக்கு மட்டும் எதற்கு இந்தச் சுத்தம் என்று அவருக்குத் தோன்றியதேயில்லை.

"சீட்டை நனைக்காதீங்கடா! தோத்தா என்ன, வண்டி அதே வேகத்துலதான் போகும். ஏறுங்க, ஏறுங்க" என்பார். அதோடு ஆறுதல் சொல்லியாகிவிட்டது என்று அவருக்கு நினைப்பு.

ஒரு வாரம் மாலை மாலையாக அவர் சொல்ல, டீச்சர் நோட்டில் எழுதினார். முதன்முதலில் பெண்கள் அணி கிளம்பிய நாளில், பையன்களிடம் இரவல் வாங்கிய பனியன்கள் முழங்கால்வரை தொங்கியது அவருக்கு நினைவிருந்தது. ஒரே ஜோடி ஷூவை இடைவேளையில் மாற்றிக்கொண்டு ஆளுக்குப் பாதி ஆட்டம் ஆடிய இரட்டையர்களும் நினைவிருந்தார்கள். யார் வண்டியில் வாந்தி எடுப்பான், யார் தூக்கத்தில் "பாஸ்! பாஸ்!" என்று கத்துவான் என்பதுகூட அத்துப்படி. ஆனால் நோட்டில் ஒவ்வொரு ஆட்டமும் ஒரே இடத்தில் வந்து நின்றது. அதற்குக் கீழே டீச்சர் நாலு வரி இடம் விட்டார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இருபத்தாறு வருஷம் சினிமாவுக்குப் போய், கிளைமாக்ஸ் வரும்போது எழுந்து வந்த ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

அவரும் சிரித்தார். ஆனால் ஓய்வு பெற ஒரு மாதம்தான் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு ஆட்டத்தின் முடிவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

வாய்ப்பும் வந்தது. பெண்கள் அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது. அந்த வருடம் பள்ளிக்குப் புது வேன் வேறு வந்திருந்தது. வழக்கம்போல் கோல்கீப்பர் பெண் அவருக்குப் பக்கத்து சீட்டைப் பிடித்துக்கொண்டாள். வாய் ஓயாதவள்.

"அண்ணே, இன்னைக்காவது முழுசாப் பார்ப்பீங்களா?"

"சாவியைத் தொட்டாலே கிளம்புற வண்டிம்மா இது. அங்க எனக்கு என்ன வேலை?"

"எங்க, கையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க."

"ஸ்டியரிங்க விட்டுட்டா? கப்புக்குப் பதிலா ஆஸ்பத்திரிக்குப் போவோம், பரவாயில்லையா?"

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டே போனது. டிரைவர் டீச்சரிடம் வாங்கிய நோட்டும் பேனாவுமாக மைதானக் கோட்டருகே உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு எப்படி நடந்தது என்று அவருக்கே தெரியவில்லை. சாவியைத் திருப்பி, வேன் முதல் தடவையிலேயே சமர்த்தாகக் கிளம்பியபோதுதான் தான் டிரைவர் சீட்டில் இருப்பது உறைத்தது. கால்கள் அவரைக் கேட்காமலே எழுந்து வந்திருந்தன.

"அட கிறுக்கா!" என்று தன்னையே திட்டிக்கொண்டு, என்ஜினைக்கூட அணைக்காமல் ஓடினார். கூட்டத்தை விலக்கி, வேலிக் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது, எதிரணிப் பெண் ஒருத்தி பந்தை உதைத்துவிட்டாள். நம் கோல்கீப்பர் சரியான பக்கம்தான் பாய்ந்தாள். பந்து அவள் விரல் நுனியைத் தொட்டு, கம்பத்தில் பட்டு உள்ளே போனது. சற்று நேரத்தில் விசில்.

இருபத்தாறு வருடத்தில் அவர் பார்த்த முதல் முடிவு ஒரு தோல்வி.

ஆனால் அவர் அதிகம் பார்த்தது அதற்குப் பிறகுதான். அவள் புல்லில் முகம் புதைத்துக் கிடந்தாள். மற்றவர்கள் வந்து தூக்கினார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. மைதானத்து மூலையில் இருந்த ஒரே குழாயடிக்குப் போய், ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, வாய்விட்டு அழுதார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகக் குனிந்து முகத்தில் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டார்கள். அழுத கண் தெரிகிறதா என்று ஒருத்திக்கு ஒருத்தி காட்டிச் சரிபார்த்துவிட்டு வேனைப் பார்த்து நடந்தார்கள்.

டிரைவர் வேலிக் கம்பியை விடாமல் நின்றார். மழை ஆட்டத்து நெட்டையன், இரட்டையர்கள், தொங்கும் பனியன்கள் எல்லாரும் ஈரமுகத்தோடு படியேறியது வரிசையாக நினைவுக்கு வந்தது. சீட்டை நனைக்காதீங்கடா என்று அவர் சொன்னதும்தான்.

அவர் வேனுக்கு வந்தபோது எல்லாரும் ஏறியிருந்தார்கள். முன் சீட்டில் ஈரத்தலையோடு கோல்கீப்பர் பெண். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். அவள்தான் வாயைத் திறந்தாள்.

"என்னண்ணே, வண்டி அதே வேகத்துலதான போகும்?"

"இல்லம்மா," என்றார். "இன்னைக்குக் கொஞ்சம் மெதுவாப் போகலாம்."

மறுநாள் நோட்டில் அவரே தன் கையால் எழுதினார்: 'கடைசிக் கோல் அவர்களுடையது. நம் பெண் சரியான பக்கம் பாய்ந்தாள். விரல் பட்டது. நான் பார்த்தேன்.'

அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. நோட்டு அவர் வீட்டில்தான் இருக்கிறது, நாலு நாலு வரியாக இடம் காலியாகவே கிடக்கிறது. 'மாமியாரை'த் தள்ளிய யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் நாலு பேரிடம் சொல்லுங்கள், எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். வேனில் ஏறுவதற்கு முந்திய பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று வந்து சொன்னால் போதும். தோற்ற ஆட்டங்களை முதலில் கேட்க வேண்டும் என்கிறார்.