நோன்பில் எடுத்த இரத்தம்

பள்ளிவாசல் மண்டபத்து இரத்ததான முகாமில் எப்போதும் முதலாவதாகக் கட்டிலில் படுப்பவன் நான்தான். அன்று என் விரலில் குத்திப் பார்த்த வைத்தியர், இன்னொரு விரலிலும் குத்தினார்.

"உங்கட ரத்தம் எடுக்க ஏலா. கூடத் தடிச்சிரிக்கி. ஏதும் மருந்து பாவிக்கிறீங்களா?"

"ஒண்டுமில்ல" என்றேன்.

அது எனக்குப் பழகிப்போன பொய். வெட்கப்பட்டு வாய் மூடியிருக்கும் இன்னொருவருக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. கல்முனையில் இரும்புக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. எங்கள் வழக்கப்படி மனைவி சிபானாவின் வீட்டில்தான் குடியிருப்பு. மாமி தினமும் காலையில் எனக்குத் தெம்புக்கென்று முட்டைக்கோப்பி அடித்துத் தருவார். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஆனால் அந்தக் கோப்பையே என்னிடம் கேள்வி கேட்பது போலிருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நோன்பு மாதத்தில் உடம்பு அசதியாக இருந்தது. ஆசையும் குறைந்துவிட்டது. கூட்டாளி சொன்ன தனியார் கிளினிக்கில், மாலை அஸர் தொழுதுவிட்டுப் போய் இரத்தம் கொடுத்தேன். டெஸ்டஸ்டரோன் (ஆண்மைக்குரிய ஹோமோன்) குறைவு என்று முடிவு வந்தது. வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, அது காலையில்தான் உச்சத்தில் இருக்குமாம். தூக்கம் கெட்டாலும் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் குறையுமாம். அதனால் இரண்டு வெவ்வேறு நாட்களில் காலையில் பார்க்க வேண்டுமாம். தராவீஹ் தொழுகையும் சஹர் சாப்பாடுமாகப் பாதி இரவு விழித்து, பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவனின் மாலை நேர இரத்தம் எதைச் சொல்லும்? அன்று யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அசதிக்கு ஒரு காரணம் கிடைத்ததே போதுமென்றிருந்தது.

பெருநாள் கழிந்ததும் அந்த ஹோமோனையே மூன்று வாரத்துக்கு ஓர் ஊசியாகப் போடத் தொடங்கினேன். ஆண்மை கூடினால் பிள்ளையும் வரும் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். முகத்தில் பரு வந்தது, குறட்டை வந்தது, கோபம் வந்தது. "மச்சான், வயசு குறையிது" என்று கடைக்கு வந்தவர்கள் சொன்னபோது தலைகால் புரியவில்லை.

அதே காலத்தில் சிபானா பிள்ளைக்காகக் குளிசை விழுங்கிக்கொண்டிருந்தாள். கருக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். கணவர் ஏதும் ஊசி மருந்து எடுக்கிறாரா என்று அவளுடைய வைத்தியர் கேட்டபோது, அவள் வாய் திறக்குமுன் நான் "இல்ல" என்றேன். விந்துப் பரிசோதனைக்குப் போகச் சொன்னதையும் தட்டிக்கழித்தேன். ஆய்வுகூடத்தில் இருப்பவர் தொழுகையில் என் தோளோடு தோள் நிற்பவர். அந்த வெட்கத்துக்காக அவளை வலிக்க விட்டேன்.

முகாமில் திருப்பி அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. தடித்த இரத்தம் உறைந்து அடைப்பை உண்டாக்கலாம் என்றார்கள். மட்டக்களப்பில் அறிமுகமில்லாத ஒரு வைத்தியரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பரிசோதனையில் ஒரு விந்தணுகூட இல்லை.

"ரத்தம் தடிச்சதும் அந்த ஊசியாலதான். வெளியால இருந்து ஹோமோன் வந்தா, போதும் எண்டு மூளை நினைச்சிரும். விதைக்குக் கட்டளை குடுக்கிறத நிப்பாட்டிரும்" என்றார். "உண்மையிலேயே குறைவான ஆக்களுக்கு இது நல்ல மருந்து, ரத்தம் பாத்துப் பாத்துக் குடுக்கணும். பிள்ள வேணுமெண்டு நிக்கிற ஆளுக்கு இது சரிவராது."

"திரும்பி வருமா டொக்டர்?"

"கூடுதலான ஆக்களுக்கு வரும். ஆறு மாசம், ஒரு வருசம், சிலருக்கு அதுக்கும் மேல. கட்டாயம் வரும் எண்டு நான் சொல்ல மாட்டன்."

மறுநாள் காலை குசினியில் சிபானாவிடம் சொன்னேன். இறால் உரித்துக்கொண்டிருந்தவளின் கை நிற்கவில்லை.

"எனக்கு எக்ஸ்ரே எடுக்கக்குள்ள நீங்க வெளிய நிண்டீங்க. நான் கத்தினது கேட்டிச்சா?"

"கேட்டிச்சி."

"அப்பயும் ஊசி போட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

"ஓம்."

அன்று மாமி கொண்டுவந்த முட்டைக்கோப்பியை அவளே எடுத்துக் குடித்தாள்.

வைத்தியரின் கண்காணிப்பில் ஊசியை நிறுத்தினேன். முதல் மாதங்கள் மோசமாக இருந்தன. பழைய அசதி இரட்டிப்பாக வந்தது, கடையைத் திறக்கவே மனமில்லை. இரத்தம் மட்டும் மெல்ல மெல்லச் சீரானது. ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதமாகுமாம். இன்று என் உடம்பில் இருப்பது மூன்று மாதத்துக்கு முந்திய நான். இன்றைய என்னை இனிமேல்தான் பார்க்கவேண்டும். இப்போதெல்லாம் நான் அப்படித்தான் நாட்களைப் பார்க்கிறேன். ஊசியை நிறுத்தி ஒன்பதாவது மாதம் செய்த பரிசோதனையில் சில விந்தணுக்கள் தெரிந்தன. சந்தோஷப்பட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

அந்த ரிப்போட்டோடு இருவரும் சிபானாவின் வைத்தியரிடம் போனோம். புதிய கோப்பு திறந்து, அவளிடம் அதே கேள்வியைக் கேட்டார். கணவர் ஏதும் மருந்து எடுத்தவரா?

இம்முறை நான் முந்தவில்லை. சிபானா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அவரிட்டக் கேளுங்க டொக்டர். அவர்ட உடம்பப் பத்தி எனக்கு ஒண்டும் தெரியா."

ஆறு வருடமாக என் பக்கத்தில் உறங்குபவள். நான் அந்த நோன்பு மாதத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.