கிழங்குக்கு நல்ல தண்ணி

ஒரு உருளைக்கிழங்கு என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. 2005இல், மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் தற்காலிக அறிவியல் டீச்சர். அடுத்த வருஷமும் என்னை வைத்துக்கொள்வார்களா என்பது, வகுப்பைப் பார்க்க வரும் ஆபீசர் கையில் இருந்தது. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. பிள்ளைகளிடம் வெட்கமில்லாமல் சொல்லிவிட்டேன்: "தோ பாருங்க, அந்தாளு முன்னாடி என் மானத்த வாங்கினீங்கன்னா அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேன்."

"ஐயோ, அப்ப கணக்கு சாரே அறிவியலும் எடுப்பாரே!" என்றாள் முதல் பெஞ்சு வாயாடி. அவள் முகத்தில் நிஜமாகவே கிலி.

பாடம், செல் சவ்வு. வெறுமனே பேசினால் பிள்ளைகளோடு ஆபீசரும் தூங்கிவிடுவார். அதனால் செய்து காட்டுவதென்று முடிவு. தோல் சீவிய கிழங்கைக் கிண்ணம் மாதிரி குடைந்து, குழியில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, மட்டத்துக்கு அடையாளமாகக் குண்டூசி குத்தி, தண்ணீர் ஊற்றிய பேசினில் உட்கார வைக்க வேண்டும். கிழங்கு முழுக்கச் செல்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. அது தண்ணீரை விடும், சர்க்கரையை லேசில் விடாது. கரைந்த சரக்கு எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் தண்ணீர் போகும். ஆக, வெளித் தண்ணீர் உள்ளே நுழைந்து குழியில் மட்டம் ஏறும். திண்டிவனத்தில், என் வீட்டுச் சமையலறையில், ஜோராக ஏறியது.

ஆபீசர் வந்து உட்கார்ந்தார். வாயாடியையும் இன்னொருத்தியையும் தண்ணீர் கொண்டுவர விரட்டினேன். பேசினை நிரப்பி, கிழங்கை வைத்து, "இப்ப ஏறும் சார்" என்று பெரிய பீற்றல் வேறு. அவர் கிழங்கைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அரை மணியில் மட்டம் இறங்கியது. கொஞ்சமும் கூச்சமில்லாமல் குண்டூசிக்குக் கீழே போனது. கிழங்கும் தொளதொளவென்று ஆகிவிட்டது.

"ஏறும்னீங்க?" என்றார் ஆபீசர்.

பாழாய்ப்போன கிழங்கு! பேசினில் விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். கரிப்பு நாக்கைப் பிடுங்கியது.

"அடிப்பாவிங்களா, எங்கடி மொண்டீங்க?"

"உப்பளத்து வாய்க்கால்ல டீச்சர்," என்றாள் வாயாடி. "நல்ல தண்ணிய யாராவது கிழங்குக்கு ஊத்துவாங்களா?"

அவளைத் திட்டப் போய், திட்டு எனக்குத்தான் விழுந்தது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோனதிலிருந்து அங்கே கிணறெல்லாம் கரிப்பு. நல்ல தண்ணி லாரியில்தான் வரும். குடிக்கவும் சோறாக்கவும் தவிர ஒருத்தரும் தொட மாட்டார்கள். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் பாட்டிலோடு வந்துபோகிற மகாராணிக்கு இது எங்கே தெரியும்?

போன மானம் போகட்டும் என்று வகுப்பைக் கேட்டேன்: "கரைஞ்ச சரக்கு இப்ப எங்க அதிகம்?"

"வெளிய!"

"அப்ப தண்ணி?"

"வெளிய ஓடிடும்!"

"அது சரிம்மா," என்றார் ஆபீசர். "ஏறுறத எப்ப காட்டுவீங்க?"

ஏறுவதற்கு நல்ல தண்ணி வேண்டும். லாரி அன்றைக்கு வராது. என் பாட்டிலைப் பயத்தில் பஸ்ஸிலேயே காலி செய்திருந்தேன். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

வாயாடி எழுந்து வந்தாள். பேசினை ஜன்னல் வழியே கவிழ்த்து, பாவாடையால் துடைத்து, தன் பாட்டிலைத் திறந்து அதில் ஊற்றினாள். பின்னாலேயே ஒவ்வொருத்தராக வந்து ஊற்றினார்கள். வாயாடியைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"கிழங்குக்கு ஊத்த மாட்டேன்னியேடி?"

"கிழங்குக்கா ஊத்துறோம்?" என்று முறைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

குழம்புக்கென்று பையில் வைத்திருந்த இன்னொரு கிழங்கைக் குடைந்து, மீதிச் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி வைத்தேன். மதிய மணி அடிப்பதற்குள் மட்டம் குண்டூசியைத் தாண்டி ஏறிவிட்டது. ஆபீசர் குனிந்து பார்த்தார். "அடுத்த வருஷமும் வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாப்பாட்டு நேரத்தில் யாரிடமும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் கிழங்கைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, பேசின் தண்ணீரை ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். கடைசியில் மிஞ்சியதை வாயாடி என்னிடம் நீட்டினாள். பச்சைக் கிழங்கு வாடை அடித்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.