குனிய முடியாத இருவரும் ஒரு நாயும்

விடிந்ததும் நாய்க்கு அவசரம் வருவதற்கு முன்னால் எனக்கு வந்துவிடும். கண்ணைத் திறக்காமல் படுத்திருப்பேன். காது மட்டும் கூடத்திலேயே இருக்கும். நகங்கள் தரையில் பட்டுப் பட்டு நடக்கிற சத்தம் கேட்டால், அது கதவுக்கும் சோபாவுக்கும் நடுவே அலைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு நான் படுக்கையில் இருக்க முடியாது.

நாய் எங்கள் மகனுடையது. பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது, "கொஞ்ச நாளைக்கு வெச்சிருங்கம்மா, வாடகைக்கு ஊடு புடிச்சதும் வந்து கூட்டிக்கறேன்" என்று விட்டுப் போனான். பெரிய லாப்ரடார். அவன் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தான். எங்கள் வாயில் அது நுழையவில்லை. கண்ணு என்று கூப்பிட்டோம், அதற்கே பழகிக்கொண்டது. இப்போது அதற்கும் வயதாகிவிட்டது. முகமெல்லாம் நரை.

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். நான் வேறொரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். வேலையை விட்ட பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. பேச்சு குழறியது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பிசியோதெரபி சொல்லித்தர வந்த பெண் ஒரு நாள் நாயின் பெல்ட்டை எடுத்து அவருடைய இடது மணிக்கட்டில் மாட்டிவிட்டு, "அப்படியே கேட் வரைக்கும் போய்ட்டு வாங்க பார்க்கலாம்" என்றாள். வலது கையில் ஊன்றுகோல், இடது கையில் நாய். நாய் இழுக்கவில்லை. அவர் ஓரடி வைத்தால் அதுவும் ஓரடி வைத்தது. கேட் வரை போனவர்கள் பிறகு தெருமுனை வரை போனார்கள். அந்த மனிதர் வெளியே காலெடுத்து வைப்பது அந்த நாயால்தான். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

சிக்கல் நாய் தெருவில் வெளிக்கு இருப்பதில்தான். அவரால் குனிய முடியாது. குனிந்தால் விழுந்துவிடுவார். எனக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வருடக்கணக்கில் மேசை மேல் கவிழ்ந்து பனியன்களில் ஓட்டை தேடியதற்குக் கிடைத்தது. "இனி தரையில இருக்கற எதையும் நீங்க எடுக்கக் கூடாது" என்று டாக்டர் சொன்னார். ஊசி விழுந்தால் யாரையாவது கூப்பிடலாம். இதற்கு யாரைக் கூப்பிடுவது?

எங்கள் தெரு மண்ணரைப் பக்கம். ஒரு வரிசையில் சொந்த வீடுகள், எதிரே வடநாட்டுப் பிள்ளைகள் தங்கியிருக்கும் லைன் வீடுகள், கடைசியில் சின்ன கம்பெனி ஒன்று. புதராகக் கிடந்த காலி மனைகளில் எல்லாம் வீடு எழும்பிவிட்டது. நாய்க்கென்று ஒரு மூலையும் மிச்சமில்லை. அதற்குப் பிடித்த இடமோ அந்தக் கம்பெனியை வைத்திருப்பவர் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில். ஏன் அங்கே என்று தெரியாது. எவ்வளவு தூரம் கூட்டிப்போனாலும் திரும்பி வந்து அங்கேதான் உட்காரும்.

தெருக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. தண்ணீர் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும் என்று போடுவார்கள். ஒரு காலையில் அதில் ஒரு போட்டோ வந்தது. கேட், சிமென்ட் தரை, அதன்மேல் அது. கீழே, "யாரு ஊட்டு நாய்ங்க இது? கொஞ்சம் பொறுப்பா இருங்க" என்று எழுதியிருந்தது. போட்டவர் கம்பெனிக்காரர். யார் வீட்டு நாய் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நேராகச் சொல்லாமல் விட்டது மரியாதைக்கு. அந்த மரியாதைதான் என்னை அதிகம் குத்தியது. ஒவ்வொருவராகக் கட்டைவிரலை உயர்த்திப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். எடுத்துப் பார்த்தேன். மறுபடியும் கவிழ்த்து வைத்தேன். வீட்டுக்காரரிடம் காட்டவில்லை.

குப்பை எடுக்க வரும் பெண்ணிடம் தயங்கித் தயங்கிக் கேட்டுப் பார்த்தேன். அவள் வண்டியை நிறுத்தாமலே, "நாய்ப் பீ எடுக்கறது எங்க வேலை இல்லீங்கம்மா" என்றாள். நியாயம்தான். அவளிடம் கேட்டிருக்கவே கூடாது என்று அன்றைக்கெல்லாம் இருந்தது. லைன் வீட்டில் இருக்கும் ஒரு ஒடியாப் பெண் ஒரு முறை நாங்கள் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "ஆன்ட்டி, நான் எடுக்குது" என்று காகிதத்தோடு ஓடி வந்தாள். வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பிள்ளை. எங்கள் நாயின் அசிங்கத்தை அவள் ஏன் தொட வேண்டும்?

கீழே விழுந்த பிறகுதானே குனிய வேண்டும், விழுவதற்கு முன்பே பிடித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. பரணில் மகனுடைய பழைய ஷட்டில் பேட் கிடந்தது. அதன் நரம்பையெல்லாம் வீட்டுக்காரரின் கத்தரியால் வெட்டி எடுத்தேன். அந்த வளையத்தில், டீ-ஷர்ட் மடித்துப் போடும் பாலி கவரைத் தொங்கவிட்டு, துணி காயப்போடும் கிளிப்பால் சுற்றிக் கவ்வவிட்டேன். கம்பெனியில் கழித்துப் போட்ட கவர்கள் எங்கள் வீட்டில் ஒரு மூட்டை கிடந்தன. பேட்டின் பிடியில் ஒரு குச்சியைச் சேர்த்துக் கட்டினேன். நாய் உட்காரும்போது பின்னால் இருந்து நீட்டினால் நேராகக் கவருக்குள் விழ வேண்டும். எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை மூவரும் கிளம்பினோம். நாய் முதுகை வளைத்தது. நான் பேட்டை நீட்டினேன். பிளாஸ்டிக் சரசரத்ததும் அது துள்ளி எழுந்து என்னைத் திரும்பிப் பார்த்தது. நடந்தோம். மறுபடி வளைந்தது, மறுபடி நீட்டினேன், மறுபடி எழுந்துகொண்டது. லைன் வீட்டு மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த பையன்கள் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். கடைசியில் அது அடக்கிக்கொண்டே வீட்டுக்கு வந்து கூடத்தின் நடுவில் வெளிக்கு இருந்தது.

"ஏனுங்க, நீங்க அதைச் சித்த நேரம் புடிச்சு நிறுத்துங்க. நகர உடாதீங்க" என்றேன் அவரிடம்.

"அது... பயப்படுது" என்றார்.

"நமக்கு மட்டும் பயமில்லீங்களா?"

அவர் சிரித்தார். ஒரு பக்கத்து உதடு மட்டும் ஏறியது.

நாளாக நாளாக நாய் பழகியது. அவர் நின்று அதன் தலையில் ஊன்றுகோல் பிடித்த கையின் விரல்களை வைப்பார். நான் மெல்ல நீட்டுவேன். சில நாள் கவருக்குள் விழும். சில நாள் பாதி விழும். மிச்சத்தின் மேல் பனியன் வேஸ்ட் துணியைப் போட்டுக் காலால் சாக்கடைக்குத் தள்ளுவேன். தள்ளிவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்த பிறகும் போன் மணி அடித்தால் குரூப்பில் போட்டோ வந்திருக்கிறதா என்று எடுத்துப் பார்ப்பேன்.

எனக்குக் காய்ச்சல் வந்த அன்று அவர் என்னை எழுப்பவில்லை. நாய் குரைக்கிற சத்தம் கேட்டு விழித்தேன். அது குரைக்கவே குரைக்காத நாய். தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தால், கம்பெனிக்காரர் வீட்டு முன்னால் அவர் தரையில் கிடக்கிறார். ஊன்றுகோலைக் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அந்த நல்ல கையால் பேட்டை நீட்டியிருக்கிறார். நாய் காரியத்தை முடித்துவிட்டு அவர் பக்கத்திலேயே நின்று குரைத்தது.

கேட்டைத் திறந்துகொண்டு கம்பெனிக்காரர் வந்தார். கையில் போன். போட்டோ எடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "எடுக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்த போன் அது. அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, வீட்டுக்காரரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். உள்ளே போய்ப் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து உட்கார வைத்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவருடைய மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள்.

எல்லாம் ஆன பிறகும் அது அங்கேயே கிடந்தது. நாங்கள் நான்கு பேரும் அதைப் பார்க்காமல் நின்றோம். பால்காரர் வண்டி ஒன்று அதன் ஓரத்தில் ஏறிப் போயிற்று.  

"எங்க ரெண்டு பேராலயும் குனிய முடியாதுங்க" என்றேன். "இதைக் கொஞ்சம்... எடுத்துப் போட்டுடறீங்களா?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. எத்தனையோ பேருக்கு வேலை கொடுக்கிற மனிதர். அவர் முகம் சிவந்தது. உள்ளே போய்விட்டார். நான் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போய்விடலாம் என்று அவர் கண்ணால் சொன்னார். அப்போது தண்ணீர்ப் பைப்பை இழுத்துக்கொண்டு கம்பெனிக்காரர் வெளியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சீமாற்றால் தள்ளித் தள்ளிச் சாக்கடையில் சேர்த்தார். 

பிறகு, "குரூப்புல சொல்லியிருக்கலாமல்லங்க" என்றார்.

"என்னன்னு போடறதுங்க?"

அவர் பைப்பைச் சுருட்டினார்.  "செரி, இனி இந்தப் பக்கம் இருந்துச்சுன்னா ஒரு போன் பண்ணுங்க. தண்ணி ஊத்தி உட்டர்றேன்" என்றார். அன்பாகச் சொன்னார் என்று சொல்ல முடியாது. ஆனால் சொன்னார்.

அதற்குப் பிறகு வீட்டுக்காரர் வெளியே வரவில்லை. முழங்கை ஆறியது, ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை. சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் தனியாகக் கூட்டிப்போனால் நாய் கேட்டைத் தாண்டாது, உட்கார்ந்துவிடும். அடக்கி அடக்கிக் கடைசியில் கூடத்தில் இருக்கும். நான் தண்ணீர் ஊற்றி, நீளக் கம்பு வைத்த வைப்பரால் வாசல் வரை தள்ளுவேன். வீடெல்லாம் பினாயில் நாற்றம். அது குற்றவாளி மாதிரி நாற்காலிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொள்ளும். உடனே எழுந்து நடக்கும். வாசல், நாற்காலி, வாசல். நானும் அதே மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

மகனிடம் போனில் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

"குடுத்தர்லாம்மா" என்றான். "வெள்ளகோவில்ல பிரண்டு தோட்டம் இருக்குது. அங்க ஓடியாடிட்டுக் கெடக்கும். நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கலாம்."

நிம்மதி என்ற வார்த்தைக்கு மயங்கிச் சரி என்றுவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலிலிருந்து ஆம்னி வேனில் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். நாய் படுக்க வண்டிக்குள் சாக்கு விரித்துக் கொண்டுவந்திருந்தார். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, "கெளம்பட்டுங்களா அம்மா?" என்று கேட்டார். நான் பெல்ட்டை எடுத்து நாய்க்கு மாட்டி, மறுமுனையை அவரிடம் நீட்டினேன்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. வீட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார். ஊன்றுகோலைத் தேடி எடுத்து, ஒவ்வோர் அடியாக வந்து, எங்கள் இருவருக்கும் நடுவே இடது கையை நீட்டினார். அந்தக் கை நீளாது. நெஞ்சுக்கு முன்னால் பாதி மடங்கியபடி நின்றது.

"பெல்ட்டக் குடு" என்றார்.

"அவங்க அவ்வளவு தூரம் வந்திருக்காங்கல்லங்க..."

"குடு புள்ள."

மணிக்கட்டில் மாட்டிவிட்டேன். நாய் உடம்பெல்லாம் ஆட்டிக்கொண்டு கிளம்பியது. வேன் பக்கத்தில் போகும்போது அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டும் தெருவில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன. வந்தவர் வாசலில் நின்று பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க" என்றேன். "உங்களுக்குச் செரமம் குடுத்துட்டோம். நாய் வராதுங்க."

"அதுக்கென்னுங்கம்மா. எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவர் சாக்கை மடித்து வைத்தார்.

நான் பேட்டையும் கையில் கிடைத்த கவர்களையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது என் கணக்கில்தான். அதற்குள் கம்பெனிக்காரர் கேட்டுக்குப் பக்கத்தில் விஷயம் நடந்து முடிந்திருந்தது. கையில் போனை வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினேன். பிறகு கம்பெனிக்காரரைக் கூப்பிட்டேன். அவர் எங்கேயோ வெளியூரில் இருந்தார். "இருங்க, ஊட்ல சொல்றேன்" என்றார். அவர் மனைவி பைப்போடு வந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்திருந்தவள் போல, தலையில் துண்டு.

"நல்லாயிட்டாருங்களா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே தண்ணீரைப் பீச்சினாள்.

"எந்திரிச்சுட்டார்" என்றேன். 

வீட்டுக்காரர் நிற்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார். வழக்கமாகத் திரும்புகிற தெருமுனையும் வந்தது. "போதுமுங்க, திரும்பலாம்" என்று சத்தமாகச் சொன்னேன். கேட்டதா கேட்காதது போல் இருந்தாரா தெரியவில்லை, முனையைத் தாண்டிப் பெரிய ரோட்டுப் பக்கம் இறங்கினார். அந்தப் பக்கம் யார் யார் வீடு என்று எனக்குத் தெரியாது. ரோட்டில் கம்பெனி வேன்கள் வேறு வந்துகொண்டிருந்தன. நாய் ஒரு கேட்டை மோந்து பார்த்துத் தயங்கியது, நகர்ந்தது, அடுத்த கேட்டில் தயங்கியது.  பேட்டில் புதுக் கவரை மாட்டிக்கொண்டே அவர்கள் பின்னால் போனேன்.